பிசகிய விளிம்புகளைச் செப்பனிடுதல்

தில்லி நிஜாமுதீன் ரயில் நிலையத்திற்கு அண்மையில், பாராபுல்லா நாலாவின் கரையில், தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்த மதராசி கேம்ப் இருந்தது. நாலாவின் நீரோட்டத்திலுள்ள தடைகளை நீக்கும் பொருட்டு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த 300-க்கு மேற்பட்ட குடிசைகள் அகற்றப்பட்டன. அதே நாலாவின் மேல், ஜஹாங்கீர் ஆட்சிக்காலத்தில் (1605–1627) கட்டப்பெற்ற, 11 கமான்கள் கொண்ட கற்பாலம் இன்றும் நிற்கின்றது. ஒரு கமானின் கீழ் எவ்வளவு நீர் செல்லும் என்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கரையில் வாழ்வோரின் வாழ்வும் அதனோடு பிணைந்தது. ஆகவே அக்கணக்குக்கு அடிப்படையாகும் வரைபடம் பிழையற்றதாக இருத்தல் வேண்டும்.

இத்தகைய பாலத்தைக் கணிப்பொறியில் திண்ம வடிவமாக வரையலாம். கமானின் வளைந்த உட்பரப்பு ஒன்று. சுவரின் தட்டையான முகம் மற்றொன்று. இரண்டும் சந்திக்கும் கோடே விளிம்பு எனப்படும். எல்லா விளிம்புகளும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் கணிப்பொறி அதனைத் திண்மமாக ஏற்றுக் கன அளவைக் கணக்கிடும்.

ஒரு நிரலில் வரைந்ததை மற்றொன்றில் ஏற்றும்பொழுது விளிம்புகள் பிசகுவதுண்டு. 1980-இல் வெளிவந்த ஐஜெஸ், 1994-இல் சர்வதேசத் தரமான ஸ்டெப் ஆகிய பொதுக் கோப்பு முறைகளைப் பயன்படுத்தினாலும் இஃது நேரும். நிரல்களின் பிழை வரம்பு ஒன்றுபோல் இராமையே முக்கிய காரணம். பாராசாலிட் என்னும் வடிவக் கணக்கு நிரல் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு வரை நுட்பம் கொண்டது. தளர்ந்த வரம்புடைய நிரலில் பொருந்திய விளிம்பு, இதில் பரப்பைவிட்டு விலகியதாகத் தோன்றும்.

இதனைச் சீர்செய்ய, பழைய விளிம்பை நீக்கி, அடுத்தடுத்த இரு பரப்புகளும் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் புதிதாகக் கணித்தல் வேண்டும். பரப்புகள் சற்றே எட்டாமற்போனால், அவற்றை நீட்டி, வெட்டிய பின் மிகுதியை நீக்கலாம்.

கமானின் உட்பரப்பு தூணின் செங்குத்து முகத்தோடு இழைந்து தொடங்கும் இடத்தில் இம்முறை பயன்படாது. அங்கு இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன. பரப்பு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டுக்கோடு வெகுதூரம் நகர்ந்துவிடும். அத்தகைய விளிம்பைக் களத்தில் அளந்த உயரத்தில் நிறுத்தி, அதற்குரிய பிழை வரம்பைத் தனியே குறித்து வைத்தலே முறை.

வரைபடம் முழுமைக்கும் பிழை வரம்பைத் தளர்த்திவிட்டால் எச்சரிக்கைகள் மறையும்; இடைவெளிகள் மறையா. களத்தில் அளந்த பரப்புகளை, விளிம்புக்கு இசைய நகர்த்துதலும் தவறாகும்.

இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். மெழுகு பூசிய அட்டைத் துண்டுகளால் இரு பெட்டிகள் செய்க. ஒன்றின் விளிம்புகள் சரியாகப் பொருந்தட்டும். மற்றொன்றின் மூலையில் சிறு இடைவெளி விட்டு, அதனை வெளிப்புறம் வண்ணத்தாளால் மறைத்திடுக. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நீரை ஊற்றியதும் வேற்றுமை விளங்கும். திருத்திய வரைபடத்தையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும்: கணிப்பொறி தரும் கமானின் அகலத்தையும் உயரத்தையும் களத்தில் நாடா பிடித்து அளந்து ஒப்பிட்ட பின்னரே நீரோட்டக் கணக்கைத் தொடங்குதல் தகும்.