கார்க்கசோன்: வயலில் படுத்திருக்கும் உழவர்

கார்க்கசோன் ஆடியவர்களிடம் இதில் எது கஷ்டம் என்று கேட்டால் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான்: "அந்த வயல் கணக்கு." எனக்கென்னவோ, வயல் கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் பாதி சுவாரஸ்யம் போய்விடும். ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இது 2000-ல் வந்த ஜெர்மன் ஆட்டம். வடிவமைத்தவர் கிளாவுஸ்-யூர்கன் விரேட. அடுத்த வருஷமே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை வாங்கியது. பெயர், தென் பிரான்ஸில் இருக்கும் பழைய கோட்டை நகரத்துடையது. மொத்தம் 72 சதுர அட்டைகள். உங்கள் முறை வந்தால் ஒன்றை எடுத்து, மேஜையில் இருப்பவற்றோடு ஓரம் பொருந்துகிற மாதிரி வைக்க வேண்டும்: ரோட்டோடு ரோடு, நகரத்தோடு நகரம், வயலோடு வயல். வைத்த அட்டை மேல் வேண்டுமானால் ஒரு மரப் பொம்மையை நிறுத்தலாம். ஆளுக்கு 7 பொம்மைதான்.

ரோட்டிலோ நகரத்திலோ நிற்கும் பொம்மை, அது கட்டி முடிந்ததும் புள்ளி வாங்கிக்கொண்டு கைக்குத் திரும்பிவிடும். வயலில் வைப்பதை மட்டும் படுக்கவைக்க வேண்டும். படுத்தால் படுத்ததுதான், ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்காது. கடைசியில், அந்த வயலைத் தொட்டு நிற்கும் முழுமையான நகரம் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி.

அந்த நகரத்தை யார் கட்டினார்கள் என்று உழவர் கேட்பதில்லை. இதுதான் விஷயமே. இரண்டே அட்டையில் மூடுகிற குட்டி நகரத்துக்குக் கட்டியவருக்கு 4 புள்ளி, பக்கத்தில் சும்மா படுத்திருப்பவருக்கு 3. ஆறு அட்டையில் ஒரு நகரம் கட்டினால் கட்டியவருக்கு 12, உழவருக்கு அதே 3. ஆக உழவருக்குப் பெரிய நகரம் தேவையில்லை, நிறைய நகரம்தான் தேவை. எதிராளி ஒவ்வொரு தடவை மூடும்போதும் உங்களுக்கும் சேருது. மூடாமல் விட்டாலோ, கடைசியில் அவருக்கு அட்டைக்கு ஒரு புள்ளிதான், பொம்மையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முணுமுணுத்துக்கொண்டே மூடுவார்.

சரி, அப்போ முதல் முறையிலேயே படுக்கவைத்துவிடலாமா? இரண்டு பேர் ஆடினால் ஆளுக்குச் சுமார் 35 முறை வரும். அவ்வளவு முறையும் ஆறு பொம்மையோடு சமாளிக்க வேண்டும். தாமதித்தால் வேறொருவர் வயலில் இருப்பார், இன்னொருவர் இருக்கும் வயலுக்குள் நேராகப் போக முடியாது. சுற்றுவழி உண்டு. பக்கத்தில் ஒட்டாத துண்டு வயலில் ஆளைப் படுக்கவைத்து, பிறகு ஒரு அட்டை போட்டு இரண்டையும் இணைப்பது. சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி. இரண்டுக்கு ஒன்று என்றால் ஒன்றுக்குப் பூஜ்யம்! ஐந்து நகரம் தொடும் வயல் என்றால் 15 புள்ளி ஒரே அட்டையில் கைமாறுகிறது.

தடுக்க ரோடுதான் வரப்பு. சரியான இடத்தில் ஒரு ரோடு வந்தால் வயல் இரண்டாகிவிடும். ஆனால் மடாலயத்தின் வாசலில் முடிகிற ரோட்டை நம்பாதீர்கள், வயல் மடாலயத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

நான் பொதுவாக மூன்று நகரங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் முதல் உழவரை இறக்குவேன். கடைசி நாலைந்து முறைகளில் கையில் மிஞ்சுகிற பொம்மைகளுக்கும் இடம் கிடைத்தால் வயல்தான், கையில் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது?

முதல் பதிப்பில் கணக்கு இதைவிட மோசம். வயலை வைத்து எண்ணாமல் நகரத்தை வைத்து எண்ணினார்கள்: ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் யாருடைய உழவர்கள் அதிகமோ அவருக்கு 4 புள்ளி. இப்போதைய விதி எவ்வளவோ தேவலை. புதுப் பதிப்பில் உழவரைக் கூடுதல் விதி என்று தனியாக ஒதுக்கியிருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் உழவர் இல்லாமல் ஆடிக் காட்டுவேன். இரண்டாவது ஆட்டத்தில் பொம்மையைப் படுக்கவைத்துவிடுவேன்.