வயருக்கு யார் காசு கொடுக்கறது?

கரண்ட் பில் வந்ததும் நாம முதல்ல பார்க்கிறது எத்தனை யூனிட்னுதான். நானும் அப்படித்தான். ஆனா அந்தக் காசுல ஒரு பங்கு மின்சாரத்துக்கே இல்லை. அதை வீடு வரைக்கும் கொண்டுவர்ற கம்பி, கேபிள், டிரான்ஸ்ஃபார்மருக்கு. அந்தச் செலவை எப்படிப் பிரிச்சா நியாயம்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

ஒரு தெருவுக்கு எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு முடிவு பண்றது மாச யூனிட் இல்லை. எல்லாரும் ஒண்ணா சுவிட்ச் போடுற அந்த உச்ச நேரம்தான். ஆனா வசூல் யூனிட் கணக்குல நடந்தா, மாடியில சோலார் வைச்சவரோட பங்கு குறைஞ்சிடும். சாயங்காலம் அவருக்கும் அதே கம்பிதான் வேணும். குறைஞ்ச தொகை, சோலார் வைக்க மாடியே இல்லாத வாடகைக்காரர் பில்லுல ஏறும்.

பெல்ஜியத்தோட ஃப்ளாண்டர்ஸ் பகுதியில 2023 ஜனவரி 1 முதல் இதை மாத்தினாங்க. டிஜிட்டல் மீட்டர் உள்ள வீட்டுல, மாசத்துக்கு ஒரு தடவை, எந்த 15 நிமிஷத்துல சராசரியா அதிகம் இழுத்தீங்கன்னு எடுத்துக்குவாங்க. 12 மாச உச்சங்களோட சராசரியை வைச்சுதான் கம்பிக் கட்டணத்தோட பெரும்பகுதி.

2 கிலோவாட் கெட்டிலை 3 நிமிஷம் போட்டா, 15 நிமிஷ சராசரி வெறும் 0.4 கிலோவாட். பயமே வேண்டாம். ஆனா 7 கிலோவாட்ல கார் சார்ஜ் ஆகும்போதே 2 கிலோவாட் அவனும் ஓடினா, உச்சம் 9. அதே காரை ராத்திரி மெதுவா 3 கிலோவாட்ல சார்ஜ் பண்ணினா, உச்சம் 3-ஓட நிக்கும். யூனிட் மாறலை, பில் மாறுது.

இதுலயும் ரெண்டு ஓட்டை இருக்கு. குறைஞ்சபட்சம் 2.5 கிலோவாட்டுக்குக் கட்டியே ஆகணும், 1.5-ஐத் தாண்டாத சின்ன வீட்டுக்கும் அதே தொகைதான். ரெண்டாவது, தெருவே தூங்குற நடுராத்திரி உச்சத்துக்கும், சாயங்கால நெரிசல் உச்சத்துக்கும் ஒரே கணக்கு.

இங்கதான் உள்ளூர் நெகிழ்வு உதவும். அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணர்ற நேரத்துல மட்டும் கார் சார்ஜிங்கைத் தள்ளிப்போட சம்மதிக்கிறவங்களுக்குக் காசு கொடுக்கலாம். ரோட்டைத் தோண்டி புது கேபிள் போடுறதைவிட அது மலிவா முடிஞ்சா, மிச்சம் எல்லாருக்கும்தான்.

என்னைக் கேட்டா, உச்சத்துக்குக் காசு வாங்குறது சரி. ஆனா தள்ளிப்போட காரே இல்லாத வீட்டு மேல அந்தச் சுமை விழக்கூடாது. உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.