இன்சாட்-4பி

இன்சாட்-4பி என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) உருவாக்கிய, தொலைக்காட்சி ஒளிபரப்புக்குப் பயன்பட்ட தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் ஆகும். இது 2007 மார்ச் 12 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ஏவூர்தி மூலம் விண்ணில் செலுத்தப்பட்டது. ஏவப்பட்டபோது இதன் எடை 3025 கிலோகிராம்.

அமைப்பு

இதில் கேயூ பட்டையில் 12, சி பட்டையில் 12 என மொத்தம் 24 டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. தரையிலிருந்து வரும் அலைகளைப் பெற்று, வலுவூட்டி, வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவியே டிரான்ஸ்பாண்டர் ஆகும். சி பட்டைக்குப் பெரிய அலைவாங்கி தேவை. கேயூ பட்டைக்கு வீட்டு மாடியில் பொருத்தும் சிறிய தட்டு போதும். ஆனால் கனமழையில் படம் தடைப்படும்.

வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பு

2006 சூலையில் இன்சாட்-4சி ஏவுதலில் அழிந்ததால் சன் டைரக்ட் சேவை தாமதமானது. பின்னர் இன்சாட்-4பி வழியாக 2008 சனவரியில் அது தொடங்கியது. தூர்தர்சனின் கட்டணமற்ற சேவையும் இதன்வழி ஒளிபரப்பானது.

மதுரையிலிருந்து நோக்கும் திசை

இச்செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிலைகொண்டிருந்தது. புவியின் சுழற்சியோடு இணைந்து சுற்றியதால், தரையிலிருந்து பார்ப்போர்க்கு அசையாதது போல் அமைந்தது. மதுரையிலிருந்து இதன் திசை, கிழக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 32 பாகை; அடிவானத்திலிருந்து உயரம் ஏறத்தாழ 69 பாகை.

2010 மின்வழங்கல் கோளாறு

2010 சூலை 7 அன்று, சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் பெறுவதில் ஏற்பட்ட கோளாறால் 12 டிரான்ஸ்பாண்டர்கள் நிறுத்தப்பட்டன. சன் டைரக்ட் 91.5 பாகையிலுள்ள மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. நெடுங்கோட்டில் வேறுபாடு 2 பாகை மட்டுமே எனினும், மதுரையில் தட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 4 பாகை திருப்பி, 2 பாகை உயர்த்த வேண்டும். சிறிய தட்டின் பார்வை மிகக் குறுகியது. ஆகவே அலைகள் வந்துகொண்டிருந்தாலும் தட்டைத் திருப்பாத வீட்டில் படம் தெரியாது. விண்ணில் நேர்ந்த ஒரு பழுதைச் சரிக்கட்ட, மாடிதோறும் ஆள் ஏற வேண்டியிருந்தது.

ஓய்வு

2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15, அதே 93.5 பாகையில் நிறுத்தப்பட்டது. பழைய இடத்திலேயே புதிய செயற்கைக்கோளை நிறுத்தினால் அத்திசையை நோக்கிய தட்டுகளைத் திருப்ப வேண்டியதில்லை. இன்சாட்-4பி பிற செயற்கைக்கோள்களுக்கு இடையூறு ஆகாதவாறு உயர்ந்த சுற்றுப்பாதைக்கு நகர்த்தப்பட்டு, 2022 சனவரி 24 அன்று செயல்நீக்கம் செய்யப்பட்டது.