ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: பந்தலூரில் ஹெச்.எம். படும் பாடு

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் செய்திகளில் ஒரு வரி தவறாமல் ஓடும்: ‘கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.’ சமவெளிக்காரர்கள் பலருக்குப் பந்தலூர் என்ற பெயர் பழகியதே இந்த வரியால்தான். நீலகிரியின் மேற்கு ஓரத்தில், வயநாட்டை ஒட்டியிருக்கும் வட்டம் இது. தேவாலா, சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, கொளப்பள்ளி என்று தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் ஊர்கள். தமிழ்நாட்டில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று.

விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தலைமை ஆசிரியருக்குத் தலைவலி. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டுவரை 220 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். மழையில் போன நாட்களைச் சனிக்கிழமைகளில் பிடிக்க வேண்டும். தோட்டத்திலோ சனிக்கிழமை வேலை நாள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெரிய பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கு வரவைப்பது எளிதல்ல.

இந்தச் சிக்கலை யார் தீர்ப்பது? ‘தலைமைதான்’ என்பார்கள் கல்வி ஆய்வாளர்கள். கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட்டும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பள்ளிக்குள் மாணவர் கற்றலைப் பாதிக்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்குத்தான் என்றது. உலகெங்கும் தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனங்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டும் முடிவு அது. முடிவில் தவறில்லை. ஆனால் தலைமை ஒருவர், கற்பிப்பவர் இன்னொருவர் என்று அது எண்ணிக்கொள்கிறது. பந்தலூர்ப் பக்கத்துச் சிறு பள்ளிகளில் இரண்டும் ஒரே ஆள்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் காரணம் புரியும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 150ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியரோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். நடுநிலை வகுப்புகளில்கூட நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் முழுநேரத் தலைமை ஆசிரியர். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது சமவெளியின் பெரிய ஊராக இருக்கலாம். முப்பது, நாற்பது பிள்ளைகள் படிக்கும் எஸ்டேட் பள்ளியில் ‘தலைமை ஆசிரியர்’ என்பது பெயர்ப்பலகையில் மட்டுமே தனிப் பதவி.

அப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் ஹெச்.எம். காலையில் அவர் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடக்க வேண்டும். காலை உணவு சரியாக வந்ததா, மதியத்துக்கு அரிசி இருக்கிறதா, பாடநூலும் சீருடையும் காலணியும் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மழையில் ஒழுகும் கூரைக்கு மனு எல்லாம் அவர் தலையில்தான். எதையும் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையத் தளத்தில் ஏற்றாவிட்டால் நடந்ததாகவே கணக்கில்லை. வட்டாரக் கல்வி அலுவலகம் கூடலூரில், மாவட்டத் தலைமையிடம் ஊட்டியில். ஊட்டியில் கூட்டம் என்றால் மலைப்பாதையில் போய்த் திரும்பவே அன்றைய பொழுது சரியாகிவிடும். அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர்.

தலைமைப் பணிக்கு அவர் ஒதுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதோ ஒரு வகுப்பிலிருந்து கழிக்கப்பட்டது. பயிற்சி முகாம்களில் ‘தொலைநோக்கு’ என்றும் ‘குழு மனப்பான்மை’ என்றும் பேசும்போது இந்தக் கழித்தல் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இத்தனை சிறிய பள்ளிகள் ஏன், இணைத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். பதில் இந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் 1975இல் ‘டேன்டீ’ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று தோட்டம் போன இடமெல்லாம் தொழிலாளர்களின் லைன் வீடுகள் போயின. லைன் வீடுகளுக்குப் பின்னால் பள்ளிகள் வந்தன. தேயிலை நலிந்தபோது இளையவர்கள் திருப்பூர், கோவை என்று இறங்கிப் போனார்கள். 2022இல் டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. தோட்டம் சுருங்கினால் பள்ளியும் சுருங்கும். இதில் ஹெச்.எம். செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆனாலும் ‘சேர்க்கை ஏன் குறைந்தது’ என்ற விளக்கக் கடிதத்தை எழுத வேண்டியவர் அவர்தான்.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. யானை நடமாடும் பாதையில் ஒரு கிலோமீட்டரே நீளமானது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. வேலை தேடி ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பம் அது. வட்டமே சாலையில் இறங்கிப் போராடிய பிறகு சிறுத்தை பிடிபட்டது. பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைப்பதா வேண்டாமா என்பது மற்ற ஊர்களில் தேர்ச்சி விகிதத்தைப் பொறுத்த விஷயம். இங்கே இருட்டுவதற்குள் பிள்ளை வீடு சேருமா என்பதையும் யோசிக்க வேண்டும். காட்டோரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வாகன வசதி உண்டு. பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான அந்தத் திட்ட நிதி ₹2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே நடந்த வழக்காகவே அது எல்லோருக்கும் தெரிந்தது. மலையில் அது ஜீப் வாடகையையும் சிறப்புப் பயிற்றுநரின் சம்பளத்தையும் பற்றிய கேள்வி. பிள்ளை குறைவு என்று பள்ளியை மூடச் சொல்லுகிறவர்கள் காலை ஏழரை மணிக்கு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்துவிட்டுச் சொல்லட்டும்.

வகுப்பறைக்குள் போனால் இன்னொரு முடிச்சு. ஒரே அறையில் இலங்கையிலிருந்து வந்த பாட்டியின் தமிழோடு ஒரு பிள்ளை, வீட்டில் மலையாளம் பேசும் இன்னொரு பிள்ளை, பணியப் பழங்குடியினரின் மொழியோடு ஒன்று, காட்டுநாயக்கர் பேச்சோடு ஒன்று, அண்மைக்காலமாக வடக்கிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளையும். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை வயதைக் கொண்டு பிரிக்காமல், எட்டியிருக்கும் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பல வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே அவர் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு முறையும் பயிற்சிப் புத்தகமும் கிடைத்தன. ஆனால் அரும்பு நிலையில் நிற்கும் பணியச் சிறுமிக்கு எழுத்து தெரியவில்லையா, அல்லது ஆசிரியர் பேசுவது புரியவில்லையா என்பதை அந்தப் புத்தகத்தால் சொல்ல முடியாது. வாய் திறக்காத பிள்ளையை ‘மந்தம்’ என்று எழுதிவிடுவது சுலபம். காப்பி அறுவடைக் காலத்தில் பெற்றோரோடு குடகுப் பக்கம் போய்விடும் பிள்ளையை ‘இடைநின்றவர்’ பட்டியலில் சேர்ப்பதும் அப்படித்தான்.

இந்தப் பூட்டுக்குச் சாவி ஒன்று பக்கத்திலேயே செய்யப்பட்டது. 1980களில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரியும் கூடலூரில் தொடங்கிய ‘அக்கார்டு’ அமைப்பைத் தொடர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. அதன் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, ராமதாஸ்–ரமா தம்பதி நடத்திவந்த வித்யோதயா பள்ளி 1990களில் கதவைத் திறந்தது. அங்கே செய்த முக்கியமான வேலை புதுப் பாடத்திட்டம் எழுதியது அல்ல. ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிள்ளையின் பேச்சு புரிகிற, அவள் அம்மாவின் பெயர் தெரிகிற, ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க வீடுவரை போகிற ஒருவர் வகுப்பில் இருந்தார். அரசுப் பள்ளியில் அதே வேலையைச் செய்ய, மாறுதல் கலந்தாய்வில் வந்து இரண்டு மூன்று ஆண்டில் சொந்த மாவட்டத்துக்கு விண்ணப்பிக்கும் சமவெளி ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காலம் போதாது. அவர் பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளும்போது போகும் நேரம் வந்துவிடும்.

அவரும் போய்விட்டால் நாற்காலி காலியாகவே இருக்கலாம். பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்னது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை என்று முடிந்தது. தகுதி கேட்பதில் குற்றம் சொல்ல முடியாது. நடைமுறையில் நடந்தது, வழக்கு முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியல்கள் தேங்கியதும் பள்ளிகளை ‘பொறுப்பு’ தலைமை ஆசிரியர்கள் இழுத்துச் சென்றதும்தான். பொறுப்பு ஹெச்.எம்.முக்கு வேலை முழுசு, அதிகாரம் பாதி. சக ஆசிரியரிடம் ‘உங்கள் வகுப்பை நான் ஒருமுறை பார்க்கலாமா’ என்று கேட்கக்கூட அவர் தயங்குவார்.

கொலம்பியாவின் மலைக் கிராமங்களிலும் 1970களில் இதே நிலைமைதான். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள். விக்கி கோல்பெர்ட்டும் தோழர்களும் வகுத்த ‘எஸ்குவேலா நுவேவா’ முறையில் பிள்ளைகள் வழிகாட்டி ஏடுகளைக் கொண்டு தங்கள் வேகத்தில் படித்தார்கள். அறுவடைக்குப் போய்வந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கால்டாஸ் மாகாணத்தில் காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பு இதற்குப் பணமும் ஆளும் கொடுத்தது. தமிழ்நாடும் ஆந்திரத்து ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து செயல்வழிக் கற்றலை எடுத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்க நடத்திய அனுபவம் உள்ள மாநிலம்தான். கற்பிக்கும் முறை நம்மிடம் இல்லாமல் போகவில்லை. காப்பி விவசாயிகள் செய்ததைப் போலத் தோட்ட முதலாளிகளும் டேன்டீயும் பள்ளிக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் இங்கே யாரும் கேட்பதில்லை.

என் கணக்கில் பந்தலூர் ஹெச்.எம்.முக்கு முதலில் வேண்டியது பயிற்சி அல்ல, நேரம். பத்துப் பள்ளிக்கு ஒரு எழுத்தர் போட்டாலே எமிஸும் சான்றிதழும் உதவித்தொகையும் அவர் கையிலிருந்து நழுவும். சட்டம் ‘இரண்டு ஆசிரியர்’ என்று சொன்னது குறைந்தபட்சம்தான். மலைக்கு மூன்று என்று அரசு முடிவெடுக்கத் தடை இல்லை. அந்த மூன்றாமவர் ஊர்க்காரராக, பணிய மொழியோ குறும்பர் மொழியோ பேசுகிறவராக இருக்க வேண்டும். தற்காலிகத் தொகுப்பூதியத்தில் இல்லாமல், முறையான பணியிடமாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஆகும். பள்ளியை மூடினாலும் ஜீப்புக்கும் விடுதிக்கும் ஆகும்.

ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் ஆசிரியர்கள் பலர். அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒன்றிய அரசு அறிவித்த கால அட்டவணையில் வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், தலை எண்ணுவது 2027 பிப்ரவரியில். பிப்ரவரியில் பந்தலூரில் மழை இருக்காது. ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், காப்பிப் பழம் பறிக்கப் போன குடும்பங்களில் சில இன்னும் திரும்பியிருக்காது. ஈராசிரியர் பள்ளியில் கணக்கெடுக்கப் போவது யார், வகுப்பில் நிற்பது யார் என்று பெயர் எழுதித் தரும்படி ஹெச்.எம்.மிடம் இப்போதே கேட்கப்படலாம். அவரிடம் இருப்பது இரண்டு பெயர். ஒன்று அவருடையது.