பி0420 பழுதுக் குறியீடு: வினையூக்கி மாற்றியின் திறன் குறைவைக் கண்டறிதல்

பி0420 என்பது பெட்ரோல் கார்களின் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளுள் ஒன்று. பணிமனைகளில் ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’ என்று வழங்கும் வினையூக்கி மாற்றியின் திறன், வரையறுத்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டதாகக் கணினி கணித்துள்ளது என்பது இதன் பொருள். இக்குறியீடு பதிவானதும் ஓட்டுநரின் முன் உள்ள செக் எஞ்சின் விளக்கு மஞ்சள் நிறத்தில் எரியும். ‘வி’ வடிவ எஞ்சின்களில் இரண்டாம் வரிசை உருளைகளுக்கு உரிய மாற்றியைப் பற்றிய குறியீடு பி0430 ஆகும்.

இக்குறியீட்டைக் கண்டவுடன் மாற்றியையே புதிதாக வாங்குவது பலரும் செய்யும் தவறு. குறியீடு சொல்வது ஓர் அளவீட்டின் முடிவு மட்டுமே. அந்த அளவீடு ஏன் அப்படி வந்தது என்பதை வரிசையாகச் சோதித்தே அறிய வேண்டும்.

வினையூக்கி மாற்றியின் பணி

பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சிறிது மாங்கனீசு டை ஆக்சைடைச் சேர்த்தால் ஆக்சிஜன் குமிழிகள் விரைந்து வெளிவருவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். மாங்கனீசு டை ஆக்சைடு வினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. இதுவே வினையூக்கி. காரில் இவ்வேலையைப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் செய்கின்றன. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மெல்லிய சுவர்களில் இவை பூசப்பட்டிருக்கும்.

புகை இக்கட்டியின் வழியே செல்லும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத ஹைட்ரோகார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகின்றன. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியசு வெப்பம் ஏறிய பிறகே மாற்றி முறையாக வேலை செய்யத் தொடங்கும். பூச்சில் உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது அதைச் சேமித்து, குறையும்போது விடுவிக்கும். பி0420 குறியீட்டின் அடிப்படை இச்சேமிப்புத் திறனே ஆகும்.

இந்தியாவில் வந்த வழி

1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயம் பூச்சை மூடிக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போது அறிமுகமானது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த சில நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் உள்ளது. எனவே மதுரையில் ஓடும் பழைய கார்கள் எல்லாவற்றிலும் இக்குறியீடு வரும் என்று எதிர்பார்க்க இயலாது. விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் பழைய காரின் மாற்றி நலமாக உள்ளது என்று கொள்ளவும் கூடாது.

கணினி அளக்கும் முறை

மாற்றிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. கணினி பெட்ரோலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொண்டே இருப்பதால் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். மாற்றி ஆக்சிஜனைச் சேமித்து விடுவிப்பதால் இந்த அலை பின்னால் அடங்கிவிடும். பின் சென்சார் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வோல்ட் அளவில் நிலையாக நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால், சேமிப்புத் திறன் போய்விட்டது எனக் கணினி முடிவு செய்கிறது. பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் இதே முடிவு வந்தால்தான் விளக்கு எரியும்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ளதற்குச் செல்வதே முறை.

1. எல்லாக் குறியீடுகளையும் படித்தல். ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் உள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்திக் குறியீடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொள்ளும் முன் அழிக்கக் கூடாது. பி0300 முதல் பி0304 வரையிலான மிஸ்ஃபயர் குறியீடுகளோ, பெட்ரோல் கலவை குறித்த பி0171, பி0172 குறியீடுகளோ உடன் இருந்தால் அவற்றையே முதலில் சரிசெய்ய வேண்டும்.

2. புகைக் கசிவைத் தேடுதல். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, எக்சாஸ்ட் மேனிஃபோல்டு முதல் பின் சென்சார் வரை பார்க்க வேண்டும். இணைப்புகளில் கரிப்படிவும் ‘டிக் டிக்’ ஒலியும் கசிவின் அடையாளங்கள். கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சார்கள் தவறான அளவைக் காட்டும். ஒரு கேஸ்கெட் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடலாம்.

3. பெட்ரோல் திருத்த அளவைப் பார்த்தல். ஸ்கேனரில் குறுகிய கால, நீண்ட காலத் திருத்தங்களின் கூட்டுத்தொகை 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதைவிட மிகுந்தால் குறை எஞ்சினின் பக்கம் இருக்க வாய்ப்புண்டு.

4. இரண்டு சென்சார்களின் வரைபடத்தை ஒப்பிடுதல். காரை 15 நிமிடம் ஓட்டிச் சூடேற்றியபின், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பின் சென்சாரும் முன்னதைப் போல் விரைந்து ஆடினால் மாற்றி தளர்ந்துவிட்டது. புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகையைச் சேர்ந்தது. அது இவ்வாறு ஆடாது. அவற்றில் பின் சென்சாரின் நிலைத்தன்மையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

‘பின் சென்சாரை மாற்றினால் போதும்’ என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் மூத்துத் தளர்ந்த சென்சார் மெதுவாகவே அசையும். அது மாற்றியின் குறையை மறைக்குமே தவிர, பெரும்பாலும் பொய்யாகக் காட்டாது. விரைந்து ஆடுவதே அந்தச் சென்சார் உயிரோடு இருப்பதற்குச் சான்று.

5. அடைப்பைத் தனியே சோதித்தல். கார் இழுக்கவில்லை, வேகம் ஏறவில்லை என்றால் பீங்கான் உருகி அடைத்திருக்கலாம். முன் சென்சாரைக் கழற்றி அத்துளையில் அழுத்தமானி பொருத்தினால் இது தெரியும். அடைப்பு உள்ள மாற்றி எப்போதும் பி0420 காட்டும் என்பதில்லை.

மாற்றி கெடுவதற்கான காரணங்கள்

மாற்றி தானாகக் கெடுவதைவிட, எஞ்சினால் கெடுவதே மிகுதி. ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில் பழுதால் எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று எரிந்தால் பீங்கான் உருகும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிவது இதற்கான எச்சரிக்கை. அப்போது காரைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எஞ்சின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படியும். குளிர்விப்பு நீர் கசிந்து எரிந்தாலும், கலப்பட பெட்ரோல் போட்டாலும் பூச்சு கெடும்.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார்களின் நிலையையும் கருத வேண்டும். மாசி வீதிகளிலிருந்து சிம்மக்கல் வரை போய் நிறுத்தும் குறும்பயணங்களில் மாற்றி முழுச் சூடு அடைவதே அரிது. மழைக்காலத்தில் நீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்கும்போது சூடான மாற்றி திடீரெனக் குளிர்ந்து பீங்கான் விரிசல் விடக்கூடும். உயரமான வேகத்தடையில் அடிபட்டாலும் பீங்கான் உடையும். அப்போது அடியில் கலகலவென ஒலி கேட்கும்.

மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய மாற்றியைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெட்டுவிடும்.

பழுது நீங்கியதை உறுதிசெய்தல்

குறியீட்டை அழித்தவுடன் விளக்கு அணைவது பழுது நீங்கியதற்குச் சான்று அன்று. கணினி மீண்டும் சோதனை செய்யச் சீரான ஓட்டம் வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் செல்லும் நான்கு வழிச்சாலை போன்ற இடத்தில் மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் ஓட்டிய பின், ஸ்கேனரில் வினையூக்கி மாற்றியின் சோதனை ‘முடிந்தது’ எனக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் மற்றொரு நாள் இவ்வாறே ஓட்டிப் பார்க்கலாம்.

மாற்றியைக் கழற்றிவிடலாமா?

செலவுக்கு அஞ்சி, உள்ளிருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டுபவர்கள் உண்டு. இது வரவு போலத் தோன்றும் இழப்பு. மாசு விதிகளை மீறி வாகனம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எடுத்த கட்டியில் உள்ள உலோகங்களுக்கும் நல்ல விலை உண்டு. மாற்றியைப் புதுப்பிக்கும்போது பழையதைக் கேட்டு வாங்குவதோ அதன் மதிப்பைக் கழிக்கச் சொல்வதோ உரிமையாளரின் உரிமை.

சட்டத்தைவிடப் பெரியது காற்று. கோரிப்பாளையம் சந்திப்பில் சிக்னலுக்காகக் காத்திருக்கும் காரின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள், அதன் பின்னால் இருசக்கர வண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் குறித்து நம்மை எச்சரிக்கும் ஓர் அடையாளம் அந்த மஞ்சள் விளக்கு.