காட்டுக்குள் நகரம் – 9: ஓக் மரத்தின் கொட்டையை யார் சுமப்பது?

ஓக் என்றால் இங்கிலாந்துக் கதைப்புத்தகத்து மரம் என்ற எண்ணம் நம்மவர்களுக்கு உண்டு. அதில் தவறில்லை. தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் அந்தக் குடும்பத்து மரம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. நீலகிரியில் நிற்பவை வெள்ளையர் கொண்டுவந்து நட்டவை. ஆனால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலேறி பியூட்டி வேர்ல்டில் இறங்கினால், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய புக்கிட் தீமா குன்றில் ஓக்கின் உறவுக்கார மரங்கள் காலங்காலமாக வளர்ந்துவருகின்றன. கல்ஓக் எனப்படும் லித்தோகார்ப்பஸ், முள் உறைக்குள் கொட்டையை ஒளித்துவைக்கும் கஸ்டநாப்சிஸ் என்று அந்தக் குடும்பத்தின் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் சிங்கப்பூரில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் லித்தோகார்ப்பஸ் கண்ட்லியானஸ். தீவின் காடுகள் ஏறத்தாழ 7 விழுக்காடாகச் சுருங்கிவிட்டன என்று 1883இல் அரசுக்கு அறிக்கை எழுதிய, பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கண்ட்லியின் பெயரைத் தாங்கி நிற்கும் மரம் அது. மிளகுக்கும் கேம்பியருக்கும் காட்டை வெட்டித் தீர்த்த காலத்தில் மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்று சொன்னவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் இருக்க முடியாது.

சென்ற வாரம் பார்த்த தூங்குமூஞ்சி மரத்தைப் போல ஓக் கண்ணைக் கவராது. மேல்தளத்தை மெராந்தி, செராயா போன்ற நெடுமரங்கள் பிடித்துக்கொள்ள, இது பெரும்பாலும் அவற்றின் நிழலில் ஒதுங்கி நிற்கும். நிமிர்ந்த வெளிர்மஞ்சள் கதிர்களாகப் பூக்கும். பூவின் நெடிக்கு வண்டும் ஈயும் தேனீயும் மொய்க்கும். பிறகு காய்ப்பதுதான் நம் விஷயம். கல்ஓக்கின் கொட்டை பெயருக்கேற்றபடி கல்தான். அடியில் செதிலோ வளையமோ அடுக்கடுக்காக ஓடும் ஒரு கிண்ணம், அதில் அமர்ந்த வழுவழுப்பான கொட்டை. சில இனங்களில் கிண்ணமே கொட்டையை முக்கால்வாசி விழுங்கியிருக்கும். நகத்தால் கீறினாலும் தடம் பதியாது. இவ்வளவு கனமான, இறக்கையில்லாத, சதைப்பற்றும் இல்லாத கொட்டையைக் காற்றும் தூக்காது, பழம் தின்னும் பறவையும் விழுங்காது. மரத்தடியில் விழுவது பெரும்பாலும் மரத்தடியிலேயே அழியும். கூன்வண்டின் புழு உள்ளிருந்து தின்னும், பன்றி வெளியிலிருந்து கடிக்கும், தப்பி முளைத்ததைத் தாய்மரத்தின் நிழல் வளரவிடாது.

அப்படியானால் ஓக் இத்தனை கோடி ஆண்டுகள் எப்படிப் பிழைத்தது? கொட்டையைத் தின்பவற்றுக்குள்ளேயே சில அதைப் புதைத்தும் வைக்கின்றன. ஐரோப்பாவில் ஜே என்ற காக்கைக் குடும்பத்துப் பறவை ஒரே இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளைத் தூக்கிச் சென்று மண்ணுக்குள் ஒளிக்கிறது. நம் பக்கத்துக் காடுகளில் அந்த வேலை தரையில் நடக்கிறது. தீபகற்ப மலேசியாவின் பாசோ காட்டில் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்தபோது, தரை அணில்களும் காட்டு எலிகளும் விதைகளைத் தூக்கிச் சென்று பதுக்குவது பதிவானது. மறந்ததும், உரிமையாளர் பாம்புக்கு இரையாகி எடுக்க ஆளில்லாமல் போனதும் முளைக்கின்றன. தேக்காவின் பின்சந்துகளில் ஓடும் எலி வேறு, இந்தக் காட்டு எலி வேறு. ஊர் எலி மேல் உள்ள அருவருப்பில் காட்டு எலியையும் தள்ளிவிட்டால், காட்டின் நடவுக்காரனையே தள்ளியதாகிவிடும். என் வாதம் இதுதான்: ஓக் நிற்பதை வைத்து அங்கே காடு இருக்கிறது என்று சொல்லக்கூடாது. அதன் கொட்டை தாய்மரத்தை விட்டு நகர்கிறதா என்பதை வைத்தே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மெராந்திகள் ஆளும் காட்டில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஓக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பிரிட்டனில் ஓக்கோடு தொடர்புள்ள உயிரினங்கள் 2,300 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அந்துப்பூச்சிகளின் புழுக்களை அது வளர்க்கிறது. ஆனால் அந்தக் கணக்கு மர இனங்கள் குறைந்த குளிர்நாட்டுக்கு உரியது, அப்படியே நிலநடுக்கோட்டுக்கு இறக்குமதி செய்ய முடியாது. இந்த மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேர்ப்பக்கம் பார்த்தால் கதை வேறு. வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள் புகும் ஒருவகைப் பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கின்றன. மெராந்தியும் ஓக்கும் அப்படியல்ல. நுனிவேரைச் சுற்றி உறைபோலப் போர்த்துக்கொள்ளும் வேறொரு வகையோடு அவை வாழ்கின்றன. மழையால் சத்து கரைந்துபோன மண்ணில் அந்தப் பூஞ்சை தாது தேடிக் கொடுக்கிறது, மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஆகவே ஓக் நிற்கும் இடத்தில் மெராந்திக்கு வேண்டிய பூஞ்சைக் கூட்டமும் உயிரோடு இருக்க வழியுண்டு. எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதற்காக இதன் பங்கைச் சிறிதென்று ஒதுக்க முடியவில்லை.

சிங்கப்பூரின் நிலைமை என்ன? 2003இல் நேச்சர் இதழில் பாரி புரூக், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் ஆகியோர் எழுதிய ஆய்வு, 1819க்குப் பிறகு காட்டின் 95 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது என்றும், பதிவான இனங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு இங்கே அழிந்துவிட்டன என்றும் சொன்னது. பாலூட்டிகளில் இழப்பு இன்னும் அதிகம். மரம் நூறு, இருநூறு ஆண்டு நிற்கும். எலி ஒன்றிரண்டு ஆண்டுதான். எனவே விலங்கு போன பிறகும் மரம் நெடுங்காலம் நிற்கும், காடு நலமாக இருப்பதுபோலவே தோன்றும். போதாததற்கு 1980களில் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, 163 ஹெக்டேர் புக்கிட் தீமாவை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. பறவையும் தேனீயும் சாலையைக் கடக்கலாம். கொட்டையைக் கவ்விய எலி ஆறு தட வாகன ஓட்டத்தைக் கடக்காது.

கையால் நட்டுவிட்டால் போயிற்று என்பது அடுத்த மறுப்பு, இந்த ஊரில் மிக வலுவானதும்கூட. 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் அரிய உள்ளூர் இனங்களை வளர்த்து நடுகிறது, அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் ஓக் இந்த வழிக்கு எளிதில் வராது. பூமலையில் 2019இல் திறந்த விதை வங்கி போன்றவற்றில் விதையை உலர்த்திக் குளிரில் சேமிப்பதே வழக்கமான முறை. ஓக் கொட்டை உலர்ந்தால் செத்துவிடும், விழுந்த கையோடு ஊன்ற வேண்டும். அது ஆண்டுதோறும் ஒரே அளவாகக் காய்ப்பதும் இல்லை. சில ஆண்டு குவியும், சில ஆண்டு கைவிரிக்கும். ஆகவே தாய்மரம் நிற்கும் காட்டை நம்பித்தான் நாற்றங்காலே நடக்கும். தவிர, மனிதக் கை நட வசதியான இடத்தில் நடும். எலியோ ஒவ்வொரு கொட்டையையும் வெவ்வேறு பள்ளத்தில், சரிவில், விழுந்த கட்டையடியில் வைத்துப் பார்க்கிறது.

விலங்குக்குப் பஞ்சமில்லையே, காட்டுப்பன்றி திரும்பி வந்துவிட்டதே, குரங்கு வீட்டுக்குள்ளேயே வருகிறதே என்றும் கேட்கலாம். இரண்டும் தின்பவை, புதைப்பவை அல்ல. பாசோவில் பன்றி பெருகியபோது, ஈனுவதற்குப் படுக்கை அமைக்கத் தாய்ப்பன்றி நூற்றுக்கணக்கான இளமரங்களை ஒடித்தது. கொட்டையோடு கன்றும் போயிற்று. எத்தனை விலங்கு இருக்கிறது என்று எண்ணினால் போதாது, எது என்ன வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த வகையில் விரைவுச்சாலைக்கு மேல் 2013இல் கட்டிமுடித்த 62 மீட்டர் நீள இயற்கைப் பாலம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அழுங்குக்காகவும் அணிலுக்காகவும் போட்ட பாலம், ஓக்குக்கும் வழியாகலாம். புக்கிட் தீமாவில் 1993இலிருந்து 2 ஹெக்டேர் பரப்பில் மரங்களை ஒவ்வொன்றாக அளந்துவருகிறார்கள். அதே பொறுமையோடு பாலத்தின் இரு கரையிலும் ஓக் கன்றுகளைத் தேடி, ஒவ்வொன்றும் அருகிலுள்ள தாய்மரத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி முளைத்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நட்ட மரங்களின் எண்ணிக்கையோடு அந்த அளவும் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும்.