எக்ஸெல் துணையுடன் ஆட்டக்காரர் தேர்வு: அமெரிக்க கால்பந்து டிராஃப்ட் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் என்றவுடன் நமக்குப் பால் கணக்கும் வீட்டுச் செலவும்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பின்னர் அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் ஒரு வேலை கொடுத்தான். "மாமா, இங்கே டிராஃப்ட் சீசன். இந்த ஆறு பேர் விவரத்தை எக்ஸெல்லில் போட்டு, யாரை எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்" என்று மெயில் அனுப்பினான். அந்த ஆறு வரிகளில் நான் கற்றுக்கொண்ட பார்முலா, சார்ட்டிங், சரிபார்த்தல் ஆகியவற்றை இங்கே தருகிறேன். ஒரு பெரிய தவறும் செய்தேன். அதையும் சொல்கிறேன்.

டிராஃப்ட் என்பது என்ன?

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். இதன் தொழில்முறை அமைப்பு என்.எஃப்.எல். ஆகும். இதில் 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாத இறுதியில், வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதுதான் டிராஃப்ட். முதல் டிராஃப்ட் 1936ல் நடந்தது.

முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. வெற்றிக் கோப்பை வாங்கிய அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்றுகள். சுமார் 250 பேருக்கு மட்டுமே இடம். தவறான ஆளை எடுத்தால் அணிக்குப் பல ஆண்டுகள் நஷ்டம். நல்ல ஆள் கண்ணில் படாமல் போனால் அந்த இளைஞனுக்கு வாழ்க்கையே நஷ்டம். எனவேதான் இவ்வளவு அளவெடுப்பு.

அளவெடுப்பது எப்படி?

1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் காம்பைன் என்ற சோதனை முகாம் நடைபெறுகிறது. 300க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அழைக்கப்படுகிறார்கள். உயரம், எடை, கையின் அகலம் வரை அளக்கிறார்கள். டாக்டர்கள் பழைய காயங்களைப் பரிசோதிக்கிறார்கள். 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்க முடிகிறது, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது, எவ்வளவு விரைவாகத் திரும்ப முடிகிறது என்று பல சோதனைகள். எல்லாவற்றிலும் புகழ் பெற்றது 40 யார்டு ஓட்டம். நம் கணக்கில் 36.58 மீட்டர். 2024ல் சேவியர் வொர்த்தி இதை 4.21 வினாடியில் ஓடி காம்பைன் சாதனை படைத்தார்.

இத்துடன் தேர்வாளர்கள் கல்லூரி ஆட்டங்களின் வீடியோவைப் பல மணி நேரம் பார்க்கிறார்கள். ஆட்டக்காரரை நேரில் பேட்டி காண்கிறார்கள். எண்ணாக வரும் பகுதி மட்டும்தான் நம் எக்ஸெல்லுக்குள் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் தயாரிப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம். செயல்முறை ஏறத்தாழ ஒன்றுதான். புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்திடவும். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடவும். ஏ நெட்டு வரிசையில் பெயர், பி வரிசையில் கல்லூரி, சி வரிசையில் எடை, டி வரிசையில் 40 யார்டு நேரம், இ வரிசையில் மதிப்பெண்.

இந்த ஆறு பேரும் ரன்னிங் பேக் என்ற இடத்தில் ஆடியவர்கள். பந்தை வாங்கிக்கொண்டு எதிரிகளுக்கு நடுவே புகுந்து ஓடுவது இவர்கள் வேலை. எடை அதிகமாக இருப்பவர் மேலே வருமாறு கீழ்க்கண்டபடி டைப் செய்திடவும்.

டெரிக் ஹென்றி, அலபாமா, 247, 4.54
சேக்வான் பார்க்லி, பென் ஸ்டேட், 233, 4.40
லீவியான் பெல், மிச்சிகன் ஸ்டேட், 230, 4.60
கரீம் ஹன்ட், டொலிடோ, 216, 4.62
டேரன் மெக்ஃபேடன், ஆர்கன்சா, 211, 4.33
கிறிஸ் ஜான்சன், ஈஸ்ட் கரோலினா, 197, 4.24

எடை பவுண்டில், நேரம் வினாடியில். செல்லில் எண்ணை மட்டும் தரவும். "247 பவுண்டு" என்று டைப் செய்தால் எக்ஸெல் அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். பிறகு கணக்கு வராது. புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

பார்முலா எழுதுவோம்

மெலிந்தவர் வேகமாக ஓடுவதில் வியப்பில்லை. 112 கிலோ எடையுள்ள ஹென்றி 4.54 வினாடியில் ஓடுவதுதான் வியப்பு. எடையையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க, பில் பார்ன்வெல் என்ற எழுத்தாளர் 2008ல் ஸ்பீடு ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை உருவாக்கினார். எடையை 200ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். சராசரியானவருக்குச் சுமார் 100 வரும்.

இ2 செல்லில் கர்சரை வைத்து இவ்வாறு டைப் செய்திடவும். செல்லின் எழுத்துகளை ஆங்கிலத்தில் தரவும்.

=சி2*200/டி2^4

^ என்ற குறி அடுக்கைக் குறிக்கும். ஷிப்ட் கீயுடன் 6 என்ற கீயை அழுத்தினால் கிடைக்கும். என்டர் தட்டியவுடன் ஹென்றிக்கு 116.3 கிடைக்கும். புள்ளிக்குப் பின் நீளமாக எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். டெசிமல் குறைக்கும் பட்டனை அழுத்தவும். இனி செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து இ7 வரை இழுக்கவும். ஆறு பேருக்கும் மதிப்பெண் வந்துவிடும். ஹென்றி 116.3, பார்க்லி 124.3, பெல் 102.7, ஹன்ட் 94.8, மெக்ஃபேடன் 120.0, ஜான்சன் 121.9.

இப்போது ஒரு சிறு விளையாட்டு. ஹென்றியின் நேரத்தை 4.44 என்று மாற்றிப் பாருங்கள். மதிப்பெண் 127.1க்குத் தாவும். பழைய நேரத்தையே தந்து, எடையை 10 பவுண்டு கூட்டிப் பாருங்கள். 121.0 மட்டுமே வரும். பத்தில் ஒரு வினாடி, பத்து பவுண்டைவிடப் பெரியது. ஒரு பார்முலா எதற்கு அதிக மதிப்பு தருகிறது என்பதை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்த பின் பழைய எண்களை மீண்டும் தந்துவிடவும்.

நான் செய்த தவறு

முதலில் ஓடுபவர் மேலே வரட்டும் என்று நினைத்தேன். டி நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா பிரிவில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் பட்டனில் கிளிக் செய்தேன். ஒரு எச்சரிக்கை விண்டோ வந்தது. படிக்காமல் "கண்டினியூ வித் த கரண்ட் செலக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தந்தேன். சேவ் செய்து, பைலை மூடி, அக்கா மகனுக்கு அனுப்பியும் விட்டேன்.

அன்று இரவே போன் வந்தது. "மாமா, ஹென்றி எப்போ 4.24ல ஓடினார்? 112 கிலோ உடம்பு மாமா அது!"

நடந்தது இதுதான். நேரங்கள் மட்டும் இடம் மாறின. பெயரும் எடையும் இருந்த இடத்திலேயே இருந்தன. முதல் வரியில் இருந்த ஹென்றிக்கு ஜான்சனின் 4.24 போய்ச் சேர்ந்து, மதிப்பெண் 152.8 ஆனது. கடைசி வரியில் இருந்த ஜான்சனுக்கு ஹன்ட்டின் 4.62 வந்து, 121.9 என்பது 86.5 ஆகச் சரிந்தது. எக்ஸெல் எந்தப் பிழையும் காட்டவில்லை. எல்லா எண்களும் அழகாகவே இருந்தன. நான் உண்மையான அணியின் அலுவலகத்தில் இருந்திருந்தால், ஒரு கிளிக்கில் ஒரு இளைஞனைப் பட்டியலின் அடியில் தள்ளியிருப்பேன்.

சரியான வழி இதோ. முதலில் பைலை வேறு பெயரில் ஒரு காப்பி சேவ் செய்திடவும். பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்திடவும். டேட்டா பிரிவில் சார்ட் தேர்ந்தெடுக்கவும். தலைப்பு வரிசை உள்ளது என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். மதிப்பெண் என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பெரியதிலிருந்து சிறியது என அமைத்து ஓகே தரவும். முழு வரியும் சேர்ந்தே நகரும். எச்சரிக்கை விண்டோ வந்தால் "எக்ஸ்பாண்ட் த செலக்ஷன்" என்பதே உங்களுக்கு உரியது. உடனே தவறு தெரிந்தால் கண்ட்ரோல் + இசட் அழுத்தலாம். பைலை மூடிய பின் அது உதவாது. அடுக்கி முடித்ததும் ஏதாவது ஒரு வரியை மூலத் தகவலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

ஓடாதவருக்கு என்ன செய்வது?

2024ல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸ் காம்பைனில் ஓடவே இல்லை. இப்படிப் பலர் உண்டு. ஓடாதவரின் நேரத்தைக் காலியாக விட்டால், எண்ணைச் சுழியால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்தி வரும். அதைப் போக்க இந்த பார்முலாவைப் பயன்படுத்தவும்.

=ஐஎஃப்(டி2="","",சி2*200/டி2^4)

நேரம் இல்லை என்றால் மதிப்பெண்ணும் காலியாகவே இருக்கும். எக்காரணம் கொண்டும் 0 என்று டைப் செய்ய வேண்டாம். ஆறு பேரின் சராசரி நேரம் 4.455 வினாடி. ஏழாவதாக ஓடாத ஒருவருக்கு 0 தந்தால் சராசரி 3.82 ஆகிவிடும். காம்பைனில் இதுவரை எவரும் ஓடாத நேரம் அது! காலி செல்லை ஆவரேஜ் பங்ஷன் ஒதுக்கிவிடும். சுழியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதே போல் ஸ்டாப் வாட்சில் எடுத்த நேரத்தையும் மின்னணுக் கருவியில் எடுத்த நேரத்தையும் ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். கையால் எடுத்த நேரம் பொதுவாகக் குறைவாக வரும்.

பட்டியல் சொன்னது என்ன?

அடுத்து இரண்டு நெட்டு வரிசைகளைச் சேர்த்தேன். எத்தனையாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பின்னர் எப்படி ஆடினார் என்று. முதலிடம் பெற்ற பார்க்லி 2018ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். 2024ல் 2,005 யார்டு ஓடினார். ஜான்சன் 2008ல் 24ஆவது. 2009ல் 2,006 யார்டு. ஹென்றி 2016ல் 45ஆவது. 2020ல் 2,027 யார்டு. ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டுவது மிக அரிது. பார்முலா நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன்.

அடுத்த வரிகள் அந்த மகிழ்ச்சியைக் குறைத்தன. 120.0 பெற்ற மெக்ஃபேடன் 2008ல் நான்காவதாக, ஜான்சனுக்கு 20 இடம் முன்னால் எடுக்கப்பட்டவர். காயங்கள் துரத்தின. அவருடைய சிறந்த ஆண்டில் 1,157 யார்டுதான். 48ஆவதாக வந்த பெல், 2014ல் 1,361 யார்டு ஓடினார். ஆறு பேரில் கடைசி இடம் பெற்றவர் ஹன்ட். 94.8. சராசரிக்கும் கீழே. 2017ல் 86ஆவதாக எடுக்கப்பட்டார். அதே ஆண்டில், தன் முதல் சீசனிலேயே, 1,327 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

ஆட்டக்காரரின் இடம் மாறினால் பார்முலா இன்னும் தடுமாறும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடி 2000ல் 40 யார்டை 5.28 வினாடியில் ஓடினார். நம் பட்டியலில் எவரையும்விட மெதுவு. 199ஆவதாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். எறிபவரை ஓட்டத்தால் அளந்தால் இப்படித்தான் ஆகும்.

அக்கா மகனிடம், ஒரு பார்முலாவை மட்டும் நம்பி ஹன்ட்டைத் தள்ளியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். "அதனாலதான் மாமா வீடியோவும் பார்க்கறாங்க" என்றான்.

உங்கள் பையனின் மதிப்பெண் பட்டியலோ, கடைக் கணக்கோ, எதை எக்ஸெல்லில் போட்டாலும் இதே பாடம்தான். இன்று ஒரு சிறு பட்டியலைத் தயாரித்து, காப்பி எடுத்துக்கொண்டு, அடுக்கிப் பாருங்கள். கடைசி வரியில் இருப்பவரை ஒதுக்கும் முன், எந்த நெட்டு வரிசையை நீங்கள் சேர்க்கவே இல்லை என்றும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.